மாமா அடைகாக்கிறார்

வியாழக்கிழமை, காலை எட்டரை மணி
அடுப்படி மேசையிலிருந்து

மிகுந்த மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், தங்கள் அப்பா, பசு இரண்டு, ஆடு ஐந்து, தாயில்லாத ஆட்டுக்குட்டி ஒன்று, கோழிகள் அனைவரும் சௌக்கியம். தங்கள் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று கேட்டு மாமாவும் நானும் நிம்மதி அடைந்தோம். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருக்கிறார்கள், அவிழ்க்க இன்னும் பத்து நாள் ஆகும், அதுவரை வெளிச்சமே படக்கூடாது என்று தங்கள் தங்கை போனில் சொன்னாள். டாக்டர் சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். கண் விஷயத்தில் விளையாட்டு கூடாது. இங்கே குளிர் போய் வசந்தம் வந்துவிட்டது. வேலியோரம் துளிர் விட்டிருக்கிறது, முற்றம் முழுக்கச் சேறு, தேனீக்கள் வெளியே வந்துவிட்டன. நலம் விசாரித்தது போதும் என்று நினைக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கா, இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படியுங்கள். தங்கள் தங்கை கண்ணில் இது படவே கூடாது. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் ஐந்து நாளாக எப்போது போன் செய்தாலும் அவள்தான் எடுக்கிறாள். "அக்காவால எடுக்க முடியாது, என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க" என்கிறாள். அவளிடம் சொல்லக்கூடிய விஷயமாக இருந்தால் உங்களுக்கு எதற்குப் போன் செய்யப் போகிறேன். நன்றாக யோசித்துத்தான் கடிதம் என்று முடிவு செய்தேன். போனை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், கடிதத்தை யார் பேருக்கு வருகிறதோ அவர்தான் படிப்பார். முப்பத்திரண்டு வருடம் ரயில் சிக்னல் அறையில் உட்கார்ந்து இரண்டு வண்டியை மோதவிடாமல் காப்பாற்றியவனுக்கு இந்த முன்யோசனைகூட இல்லாமல் போகுமா.

கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, வாத்து முட்டை அடையில் இருக்கும்போது இருபத்து மூன்றாம் நாள் மூன்று மணி நேரம் ஆறிப்போனால் உள்ளே இருப்பது பிழைக்குமா, பிழைக்காதா? வாத்து வளர்த்த கை உங்களுடையது, உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது, அவள் சனிக்கிழமை பஸ்ஸில் திரும்பி வருகிறேன் என்கிறாள். எப்படியாவது அவளை அடுத்த வியாழன் வரைக்கும் அங்கேயே நிறுத்தி வைக்க வேண்டும். கண் வலிக்கிறது என்று சொல்லுங்கள். பொய் சொல்லச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். ஆபரேஷன் செய்த கண் கொஞ்சமாவது வலிக்கத்தான் செய்யும், அதைச் சற்றுத் தாராளமாகச் சொன்னால் போதும்.

முட்டைகள் எவை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண் மங்கி, சாயங்காலம் வாத்துகளை எண்ணி அடைக்க முடியவில்லை என்று எல்லாவற்றையும் கொடுத்துவிட்டீர்களே, அதற்கு முந்திய நாள் எடுத்து, கம்பளித் துணியில் சுற்றி எங்களுக்கு அனுப்பினீர்களே, அந்தக் கடைசிப் பன்னிரண்டுதான். போன வருடம் நரி எங்கள் வாத்துகளை ஒன்று விடாமல் கொண்டு போனபோது அவள் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. வாத்துக் குளத்தையே மூடிவிடலாம் என்றாள். உங்கள் முட்டை வந்து இறங்கிய அன்றுதான் பழையபடி பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு முணுமுணுத்தாள். உடனே சிடுமூஞ்சியை அடைக்கு வைத்தாள். சிடுமூஞ்சி எங்கள் சிவப்புக் கோழி. பார்ப்பவரையெல்லாம் கொத்தும், ஆனால் அடையில் உட்கார்ந்துவிட்டால் இடி விழுந்தாலும் எழாது. நரிக்குப் பயந்து கோழிக்கூண்டில் வைக்காமல் அடுப்படியிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி, பெட்டிக்குள் பெரிய எனாமல் பேசின், பேசினில் வைக்கோல், வைக்கோலில் முட்டை, முட்டை மேல் சிடுமூஞ்சி. பத்தாம் நாள் வெளிச்சத்தில் பார்த்து, ஒன்று கூமுட்டை என்று அவளே எடுத்துவிட்டாள். மீதி பதினொன்று. அந்த ஒன்றுக்குப் பதிலாகத்தான் என்னை இங்கே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள் என்று தங்கள் அப்பா சொல்கிறார். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

போன சனிக்கிழமை அவள் கிளம்பும்போது ஒரு தாளில் முன்னும் பின்னும் எழுதி அலமாரிக் கதவில் குத்தி வைத்தாள். முன்பக்கம் இருபத்தைந்தாம் நாள் வரைக்கும், பின்பக்கம் அதற்கு மேல். பஸ் ஏறும்போது பையை வாங்கிக்கொண்டு, "ரொட்டி கருகினாலும் சரி, பால் பொங்கினாலும் சரி, இந்தப் பதினொன்னை மட்டும் பாத்துக்கங்க. வேற எதுவும் நான் கேக்கல" என்றாள். இருபத்தெட்டு வருடத்தில் அவள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை அக்கா. ஒவ்வொரு வசந்தத்திலும் குட்டி போடுவதும் குஞ்சு பொரிப்பதும் விதைப்பதும் எல்லாம் இங்கே நடக்கும், நான் அங்கே சிக்னல் அறையில் இருப்பேன். வீட்டுக்கு வந்து, "என்ன, எல்லாம் முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவேன். ஓய்வு பெற்றபின் வரும் முதல் வசந்தம் இது. "கவலைப்படாம போயிட்டு வா, ரெண்டு பேர் சாப்பாடும் ரெண்டு மாட்டுத் தீனியும் என்ன பெரிய வேலை" என்று நான் சொன்னதை அவள் அங்கே உங்களிடம் சொல்லியிருப்பாள். சொல்லியிருந்தால் மறந்துவிடுங்கள்.

சனிக்கிழமையே பால் பொங்கியது. அதில் எனக்கு வருத்தமில்லை, அவளே அனுமதித்த விஷயம். பொங்கியதைத் துடைக்கத் துணி தேடப் போன நேரத்தில் மீதிப் பால் அடிப்பிடித்து, அவளுடைய கனத்த அடிப் பாத்திரம் கரிக்கட்டை ஆகிவிட்டது. சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மணல் போட்டுத் தேய்த்தேன், மசியவில்லை. அவள் வருவதற்குள் பொறுமையாகத் தேய்த்துக்கொள்ளலாம் என்று வைக்கோல் போரில் ஒளித்து வைத்தேன். மறுநாள் காலை கறுப்புப் பசு அதை மூக்கில் மாட்டிக்கொண்டு முற்றத்தில் நின்றது. அப்போது பார்த்துப் பால் வண்டிக்காரம்மா பால் எடுக்க வந்தார். பசுவைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க வீட்டம்மா எப்ப வராங்க?" என்று கேட்டார். அன்றிலிருந்து தினமும் வந்தவுடன் அதைத்தான் கேட்கிறார், வணக்கம்கூடச் சொல்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குட்டி. தாயில்லாத குட்டி என்று அடுப்படியில்தான் வைத்துப் புட்டிப்பால் கொடுக்கிறோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். நான் ரயில் நேர அட்டவணை மாதிரி ஒன்று தயார் செய்து, குட்டிக்கு இத்தனை மணி, கோழிக்கு இத்தனை மணி, மாமாவுக்குக் கஞ்சி இத்தனை மணி என்று வரிசையாக எழுதினேன். அதைச் சுவரில் ஒட்டுவதற்காக அவள் தாளைக் கதவிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். ஒட்டிவிட்டுத் திரும்புவதற்குள் குட்டி பாதித் தாளைத் தின்றுவிட்டது. நான் ஒரு பக்கம் பிடித்து இழுக்க, அது ஒரு பக்கம் பிடித்து இழுக்க, என் கையில் கிடைத்தது மேல் பாதி. முன்பக்கத்தில் எனக்குத் தேவையான வரிகள் எல்லாம் மேல் பாதியிலேயே முடிந்திருந்தன, அதுவரைக்கும் அதிர்ஷ்டம். பின்பக்கத்தில் மேல் பாதியில் இருந்தது தக்காளி நாற்றைப் பற்றி. "இருபத்தாறாம் நாள் முதல் முட்டையை" என்ற வரியோடு தாள் முடிகிறது. முட்டையை என்ன செய்ய வேண்டும்? திருப்பக் கூடாதா, நனைக்க வேண்டுமா, எண்ண வேண்டுமா? பதில் குட்டியின் வயிற்றில் இருக்கிறது. இன்று இருபத்தாறாம் நாள், அக்கா. இருபத்தெட்டில் பொரிய வேண்டும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை நடந்ததுதான் உங்களிடம் சொல்ல வேண்டியது.

சிடுமூஞ்சியை நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் எழுப்பித் தீனி காட்ட வேண்டும். அந்த நேரத்தில் முட்டை பேசினை வெளியே எடுத்து, துணியால் மூடி, அடுப்போரம் வைத்துவிட்டு, பெட்டியைத் துடைக்க வேண்டும். தாளில் அப்படித்தான் இருந்தது, அப்படித்தான் செய்தேன். அதே அடுப்போரத்தில் இன்னொரு எனாமல் பேசின் இருந்தது. அதில் நான் காலையில் பிசைந்து, பன்னிரண்டு உருண்டையாகப் பிடித்து, உப்பி வருவதற்காக வைத்திருந்த ரொட்டி மாவு. அதன் மேலும் அதே கட்டம் போட்ட துணி. ஒரே மாதிரி இரண்டு பேசின், ஒரே மாதிரி இரண்டு துணி எதற்காக வாங்கினாள் என்று நான் கேட்கவில்லை, இருபத்தெட்டு வருடம் அவள் ஒருநாள்கூட இதில் குழம்பியதில்லை. நான் பெட்டியைத் துடைத்து நிமிரும்போது சூப் பொங்கி அடுப்பில் வழிந்தது. ஓடிப்போய் மூடியைத் திறந்தேன், ஆவியில் கண்ணாடி முழுக்க மறைத்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றி எங்கேயோ வைத்தேன். குட்டி காலைச் சுற்றிக் கத்துகிறது. சிடுமூஞ்சி தீனி முடித்துவிட்டு, பெட்டி முன்னால் நின்று என்னை அதட்டுகிறது. நான் கைக்குக் கிடைத்த பேசினைப் பெட்டியில் வைத்துத் துணியை உருவினேன். வெள்ளையாக, உருண்டை உருண்டையாகத் தெரிந்தது. கண்ணாடி இல்லாதவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும். சிடுமூஞ்சியும் ஏறி, இறகை விரித்து உட்கார்ந்துவிட்டது. அதற்கு என்ன வந்தது என்று எனக்குப் புரியவில்லை, அதுதான் கண்ணாடி போடுவதில்லையே. இன்னொரு பேசினை, மாவு அதிகமாகப் புளித்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை உணர்வோடு, கொண்டுபோய்ப் பின்பக்கத்துச் சாமான் அறையில், ஜன்னலைத் திறந்து, குளிர்ந்த காற்று படும்படி வைத்தேன்.

அப்புறம் ஆட்டுக் கொட்டகையில் ஒன்று குட்டி போடுகிற மாதிரி இருந்தது, போய்ப் பக்கத்தில் நின்றேன். அது போடவில்லை, சும்மா படுத்திருந்தது. வேலியில் ஒரு கம்பி அறுந்திருந்தது, கட்டினேன். திரும்பி வந்தபோது தங்கள் அப்பா அடுப்படியில் தமது சாய்வு நாற்காலியில் போர்வைக்குள் இருந்து சிடுமூஞ்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, கோழி உசரமாயிடுச்சு" என்றார்.

"வயசாச்சுன்னா எல்லாம் அப்படித்தான் தெரியும் மாமா" என்று காதருகே போய்ச் சொல்லிவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப இன்னும் உசரமாயிடுச்சு" என்றார்.

கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மையிலேயே உயரமாகத்தான் இருந்தது. பெட்டியின் மேல் பலகையில் தலை இடிக்க, கழுத்தை மடித்துக்கொண்டு, மகா கோபமாக உட்கார்ந்திருந்தது. அதன் அடியில் நாலா பக்கமும் மாவு பிதுங்கி நின்றது. மூன்று மணி நேரம் அடைகாத்ததில் மாவு நன்றாக உப்பிவிட்டது, நான் பிசைந்த எந்த மாவும் இதுவரை அப்படி உப்பியதில்லை. சிடுமூஞ்சியைத் தூக்கினேன், மாவும் கூடவே வந்தது. அப்போதுதான் சாமான் அறை ஞாபகம் வந்தது. அக்கா, அந்தப் பத்தடி தூரம் எப்படி நடந்தேன் என்று எனக்குத் தெரியாது. துணியை எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். பதினொன்றும் கல் மாதிரி சில்லிட்டுக் கிடந்தன. பேசினோடு தூக்கி வந்து அடுப்போரம் வைத்தேன்.

சிடுமூஞ்சியை வெந்நீரில் குளிப்பாட்டி மாவை எடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. என் முழங்கை இரண்டிலும் அதற்கான சான்று இருக்கிறது. குளித்து முடித்ததும் அது அலமாரி உச்சியில் ஏறிக்கொண்டது. முட்டையைக் காட்டினேன், தானியத்தைக் காட்டினேன், கெஞ்சினேன். முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. இன்றுவரை இறங்கவில்லை, தீனி மட்டும் மேலேயே கேட்கிறது. அந்த மாவை வீணாக்க மனமில்லாமல், மேல்பக்கத்தை வழித்துவிட்டு, மீதியைச் சுட்டேன். மாமா ஒரு துண்டு தின்றுவிட்டு, "இறகு நல்லா வெந்திருக்கு" என்றார்.

கோழி இல்லை, சூடு வேண்டும். முதலில் வெந்நீர்ப் பைகளை அடுக்கினேன், அது ஒருமுறை கொதிக்கிறது, மறுமுறை ஆறுகிறது. பிறகு என் கம்பளிச் சட்டையை இடுப்பில் கயிறு போட்டுக் கட்டி, பதினொன்றையும் உள்ளே விட்டுக்கொண்டேன். உடம்புச் சூடு சரியாக இருந்தது. ஆனால் குனிய முடியவில்லை. பால் கறக்க உட்கார முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கறுப்பியை நின்றுகொண்டே கறந்தேன், பாதிப் பால் பூட்ஸுக்குள் போயிற்று. பால் வண்டிக்காரம்மா என் வயிற்றைப் பார்த்துவிட்டு, பாலை எடுத்துக்கொண்டு போனார். எப்ப வராங்க என்றுகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

அப்போதுதான் மாமாவைப் பார்த்தேன். நாள் முழுக்க அடுப்புக்குப் பக்கத்தில், சாய்வு நாற்காலியில், இரண்டு கம்பளிக்குள், அசையாமல் இருக்கிறவர். உங்கள் அப்பாவை இப்படிச் சொல்வது மரியாதை இல்லைதான், மன்னித்துவிடுங்கள். அவரிடம் போய், "மாமா, கொஞ்ச நேரம் இதை மடியில வச்சுக்கறீங்களா?" என்று கேட்டேன். முட்டைகளை வரிசையாகப் போர்வைக்குள் வைத்தேன். ஒன்று ஒன்றாக எண்ணி வாங்கிக்கொண்டார்.

"என்னை அடைக்கு வச்சுட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார்.

"நாலு நாளுதான் மாமா."

"பொரிஞ்சு வந்தா முதல்ல என் மூஞ்சியத்தான் பாக்கும். பரவாயில்லையா?"

செவ்வாய் மதியத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. அட்டவணையைத் திருத்தி எழுதியிருக்கிறேன். காலை ஆறு முதல் ஒன்பது மாமா, ஒன்பது முதல் ஒன்பதரை நான், அது அவர் குளியலறை நேரம். மறுபடியும் மாமா, இரவும் அவர்தான். மூன்று வேளை முட்டையைத் திருப்ப வேண்டும், அதையும் அவரே செய்கிறார். பதிலுக்குக் கஞ்சியில் சர்க்கரை இரண்டு கரண்டி கூடுதலாக வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார். நேற்று கஞ்சியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன். எழுந்துவிடுவேன் என்று மிரட்டினார். புதிதாகக் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். முட்டைகளுக்கு ஜன்னல் வெயில் படட்டுமென்று நாற்காலியை நகர்த்தியதில், ஜன்னல் ஓரத்திலிருந்த தக்காளி நாற்றுத் தட்டுகளை வெளியே வைக்க வேண்டியதாயிற்று. அறுபது நாற்று. நான் உள்ளே திரும்புவதற்குள் கறுப்பி வந்து வரிசையாக மேய்ந்துவிட்டது. நாலு மிச்சம் இருக்கிறது, அவற்றையும் நான் அதன் வாயிலிருந்துதான் எடுத்தேன்.

தங்கள் தங்கை தினமும் சாயங்காலம் பேசுகிறாள். "முட்டை எப்படி இருக்கு?" என்பாள். "முட்டை மாதிரியே இருக்கு" என்பேன். "சிடுமூஞ்சி?" "மேல இருக்கு." முட்டை மேலே என்று அவள் எடுத்துக்கொள்வாள், அலமாரி மேலே என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். "பின்னால என்ன கத்துது?" "ரேடியோ." "அப்பா என்ன பண்றாரு?" "ஒரு வேலையா இருக்காரு." எல்லாம் நல்லா இருக்கு என்று சொல்லிப் போனை வைக்கிறேன் அக்கா. அவள் நம்புகிறாள்.

நேற்று கை விளக்கை முட்டையின் பின்னால் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் கறுப்பாக இருந்தது. ஒரு முனையில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். கறுப்பு நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை, அது தாளின் கீழ்ப் பாதியில் இருந்திருக்க வேண்டும். பால் வண்டிக்காரம்மாவிடம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கேட்டேன். "வெதுவெதுன்னு தண்ணியில மிதக்க விடுங்க, உசுரு இருந்தா ஆடும்" என்றார். பேசினில் தண்ணீர் ஊற்றி வைத்தேன், கையில் முட்டையை எடுத்தேன், திரும்பவும் மாமாவிடமே கொடுத்துவிட்டேன். ஆடாவிட்டால் என்ன செய்வேன்? தெரியாதவரைக்கும் பதினொன்றும் உயிரோடு இருக்கிறது என்று இருக்கலாம். உங்கள் வாத்துகளில் மிச்சம் இருப்பது இவைதான். என்னிடம் அவள் கேட்டது இதை மட்டும்தான்.

ஆகவே உடனே பதில் எழுதுங்கள். பிழைக்காது என்றால் பிழைக்காது என்று எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கிடைத்தால் எங்கேயாவது அலைந்து வேறு வாத்துக் குஞ்சுகளை வாங்கி விட்டுவிடுவேன், பாத்திரத்தைத் தேய்த்துவிடுவேன், நாற்றுப் போட்டுவிடுவேன். அவளுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்.

தங்கள் கண்ணில் வெளிச்சம் பூரணமாகத் திரும்ப வேண்டும் என்று எங்கள் இருவருடைய வேண்டுதலும். சொட்டு மருந்தை வேளை தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள். தங்கள் அப்பா, எழுந்திருக்க முடியாத நிலையில், உட்கார்ந்தபடியே தங்களை ஆசீர்வதிக்கிறார்.

என்றும் பணிவுடன்,
தங்கள் தங்கை வீட்டுக்காரன்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தேன், மாமா கூப்பிட்டார். "மாப்பிள்ளை, வயித்துல யாரோ கதவத் தட்டுறாங்க" என்றார். பசியாக இருக்கும் என்று கஞ்சியை எடுத்துக்கொண்டு போனேன். கஞ்சியைத் தள்ளிவிட்டு என் தலையைப் பிடித்துப் போர்வையில் அமுக்கினார். டொக், டொக் என்று கேட்டது. அப்புறம் உள்ளேயிருந்து கீச்சென்று ஒரு மெல்லிய குரல். அக்கா, ஓட்டுக்கு உள்ளே இருந்துகொண்டே குரல் கொடுக்கிறது. ஒவ்வொன்றாகக் காதில் வைத்துப் பார்த்தேன், மூன்று நிச்சயமாகத் தட்டுகிறது, நாலாவது தட்டுகிற மாதிரி இருக்கிறது. மற்றவை பேசவில்லை, ஆனால் நான் அவற்றைக் கைவிடவில்லை. நான் உட்கார்ந்து அழுதேன், மாமாவும் அழுதார், கஞ்சி ஆறிவிட்டது. ஆகவே மேலே இரண்டாவதாகக் கேட்டதை அடித்துவிடுங்கள். அவளை நிறுத்தி வைக்க வேண்டாம். கண் வலிக்கவில்லை என்று சொல்லுங்கள், வலித்தாலும் சொல்லுங்கள். நாளைச் சாயங்கால பஸ்ஸிலேயே அனுப்பிவிடுங்கள், சனிக்கிழமை முதல் தங்களைப் பார்த்துக்கொள்ள இருக்கும் பக்கத்து வீட்டு நர்ஸம்மா ஒருநாள் முன்னதாகவே வந்துவிடுவார். ஓட்டை நாமே உடைத்துவிடலாமா, கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும்.

இன்னொரு பி.கு.: தபால்காரம்மா வாசலில் நிற்கிறார். உறையில் முகவரி எழுதும்போது மாமா, "யாருக்கு லெட்டர்?" என்று கேட்டார். பெரியக்காவுக்கு என்று காதில் கத்தினேன். "அவளுக்குத்தான் கண்ணுல கட்டாச்சே. யாரு படிச்சுக் காட்டுவா?" என்றார்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

நீதானே படிக்கிறாய்? கதவைக்கூடச் சாத்தியிருப்பாய், நான்தான் சாத்தச் சொன்னேன். இதைக் கிழித்துப் போட்டுவிட்டு உனக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். செய்தேன். இப்போது பத்து நிமிடத்துக்கு முன்னால் நீதான் எடுத்தாய். "என்ன இந்த நேரத்துல, எல்லாம் நல்லா இருக்கா?" என்றாய். "நல்லா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டேன். என் வாய் பொய்க்குப் பழகிவிட்டது, கை இன்னும் பழகவில்லை. அதனால் கடிதமே வருகிறது. பாத்திரம், நாற்று, சிடுமூஞ்சி, எல்லாம் மேலே எழுதியபடிதான். படித்து முடித்ததும் போன் செய்து, அந்தத் தாளின் பின்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாய் என்று சொல். எடுத்தவுடன் எப்படி இருக்கு என்று மட்டும் கேட்காதே.

அக்கா, தங்களால் இப்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாது. காது கேட்கும். இந்த இடத்தைப் படிக்கும்போது அவள் குரல் எப்படி இருக்கிறது?